நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு வைத்த பொட்டு

"பூட்டி வெச்சதைத் திருடன் பார்ப்பான். சந்தையில வெச்சதை..."

இதற்கு மேல் தணிகாசலத்துக்கு ஞாபகம் இல்லை. சொன்னவர் அவருடைய பெரியப்பா பச்சையப்பன். ஆர்.கே.பேட்டையில் நெல் போடப் போனபோதோ, பங்காளித் தகராறிலோ, எதற்கோ சொன்னார். சந்தையில் வைத்ததை ஊரே பார்க்கும் என்று முடித்தாரா, ஒருத்தனும் பார்க்க மாட்டான் என்று முடித்தாரா என்பதுதான் சந்தேகம். இரண்டில் எதைப் போட்டாலும் பொருந்துகிறது. பெரியவர்கள் சொல்லிவைத்த வாக்கியங்களில் அப்படியொரு வசதி உண்டு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுக்குக் கீல் செய்யும் பூர்ணோதயா பிரஸ்ஸிங்ஸ் கம்பெனிக்கு ஒரு கோர்ட் உத்தரவு வந்த அன்றைக்குத்தான் அவருக்கு இந்தப் பாதி வாக்கியம் நினைவுக்கு வந்தது. அவர் அங்கே நிர்வாக அலுவலர். மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் ஒரு கப்பல் கம்பெனியின் கோப்புகளைப் பார்த்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பியவர்.

உத்தரவு இதுதான்: விக்டோரியா என்ற பிரஸ் ஆபரேட்டரின் வழக்கு தொடர்பாக, ஆயுத பூஜை முதல் விபத்து நடந்த நாள் வரை கம்பெனிக்குள் நடந்த மின்னணுத் தகவல் பரிமாற்றங்கள் அனைத்திலும் தேடி, சம்பந்தப்பட்டவற்றைத் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனி வசமுள்ள ஆதாரங்களை முழுமையாகத் தேடியாயிற்று என்று பொறுப்பான அலுவலர் ஒருவர் சான்றிதழில் கையொப்பம் இட வேண்டும்.

வழக்கு எளிமையானது. தகட்டை அழுத்தி வெட்டும் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் விக்டோரியாவின் வலது கை விரல்கள் இரண்டு போயின. அந்த பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே இருந்தால் அதன் கண் பார்த்துவிடும், மெஷின் இறங்காது. கண்ணை எதையாவது வைத்து மறைத்தாலும் இறங்காது. அவ்வளவு பயந்த சுபாவம் உள்ள மெஷின் அன்றைக்கு இறங்கியது. காரணம், சென்சாரை ஒதுக்கிவிட்டுக் குறுக்கே ஒரு ஒயர் போடப்பட்டிருந்தது. ஒயரைப் போட்டது விக்டோரியாதான் என்று கம்பெனி உள்விசாரணை நடத்திக் கண்டுபிடித்து, வேலையை விட்டு நீக்கியது. தன் விரல் போவதற்குத் தானே முன்னேற்பாடு செய்துகொண்டார் என்பது விசாரணை அறிக்கையின் சாரம்.

விக்டோரியா ஒருநாள் கேட்டருகே தணிகாசலத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேற ஒண்ணும் வாணாம் சார். வேலை வேணும். மெஷின்ல கைவரிசை காட்னவன்னு பேரு வெச்சாங்களே, அந்தப் பேரை எடுக்கணும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்லயே 'நீதானா அது'ன்றான்."

"ஒயர் யாரும்மா போட்டது?"

"இன்னா சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? ஆயுத பூஜை அன்னிக்கு எம்.டி. பொட்டு வெச்சாரு. கண்ணு மூடிக்கிச்சு. மணிகண்டன் சார் ஒயரு போட்டாரு. நான் அந்த வாரம் முச்சூடும் தம்பி கல்யாணத்துல இருந்தேன். திரும்பி வந்த அன்னிக்கே வெரலு பூட்ச்சி."

நடந்தது அதுதான். எம்.டி. சந்திரமோகன் பக்திமான். ஆயுத பூஜையன்று ஒவ்வொரு மெஷினுக்கும் தம் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார். நாலாம் நம்பருக்கு இருப்பதிலேயே பளபளப்பான இடமாகப் பார்த்து, கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். அந்த இடம் சென்சாரின் கண். மெஷின் நின்றுவிட்டது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் ஓடியிருக்கும். ஆனால் பூஜை நாளில், முதலாளி கையால் வைத்த பொட்டை, மங்களகரமாக நிற்கும் ஒரு மெஷினின் முகத்திலிருந்து யார் அழிப்பார்கள்? புரொடக்‌ஷன் மேனேஜர் மணிகண்டன் ஆழ்ந்து யோசித்து, பொட்டையும் காப்பாற்றினார், உற்பத்தியையும் காப்பாற்றினார். ஒயர் கைவசம் இருந்தது.

இது பிரஸ் ஷாப்பில் அத்தனை பேருக்கும் தெரியும். தணிகாசலம் யாரைக் கேட்டாலும் விவரமாகச் சொன்னார்கள். சொல்லி முடித்துவிட்டு, "ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார்" என்றும் சொன்னார்கள்.

எம்.டி. அறையில் கூட்டம் நடந்தது. சென்னையிலிருந்து ஜோஷ்வா என்ற நிபுணர் வந்திருந்தார். வழக்குகளுக்கு வேண்டிய ஆதாரங்களை கிளவுடில் ஏற்றித் தேடித் தருவது அவருடைய தொழில். கழுத்தில் ஒரு அடையாள அட்டை, கையில் ஒரு மடிக்கணினி, பேச்சில் ஒரு நிதானம்.

"எல்லா மெயில், எல்லா வாட்ஸாப், கேமரா, போட்டோ, எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்திடுவோம் சார். அங்க நம்ம சாஃப்ட்வேர் உண்மை எதுவோ அதைக் கண்டுபிடிச்சிடும்."

தணிகாசலம் மெதுவாகச் சொன்னார். "உண்மை கீழேயே இருக்குதுங்க தம்பி. பிரஸ் ஷாப்ல யாரைக் கேட்டாலும்..."

ஜோஷ்வா பரிவோடு பார்த்தார். "தெரிஞ்ச உண்மை வேற சார், டிஸ்கவர் ஆன உண்மை வேற. தெரிஞ்சதை கோர்ட்ல எப்படி அப்லோடு பண்ணுவீங்க?"



எம்.டி. முகம் மலர்ந்தார். போன மாதம் காக்களூரில் ஒரு சின்னப் பட்டறைக்காரர்கூடத் தன்னிடம் கிளவுட் இருப்பதாகச் சொல்லிவிட்டாராம். அதிலிருந்து அவருக்கு மனது சரியில்லை. "தணிகாசலத்தையே பொறுப்பா போட்டுடலாம். ஃபாரின்ல இருந்தவரு. மேகத்துக்கு மேலேயே எத்தனை தடவை போய் வந்திருக்காரு!"

மறுநாள் தணிகாசலத்தின் மேஜைமீது ஒரு பெயர்ப்பலகை வந்தது: 'மின்னணு ஆவணக் கண்டறிதல், பாதுகாத்தல் மற்றும் மேலேற்றுதல் பொறுப்பு அலுவலர்'. பலகை மேஜையைவிட நீளமாக இருந்ததால் மேஜையை மாற்றினார்கள்.

முதல் வேலை சுற்றறிக்கை. ஜோஷ்வா அனுப்பிய வாசகத்தைத் தணிகாசலம் தமிழில் எழுதினார்: 'வழக்கு முடியும்வரை நிறுவனத்தில் எவரும், எதையும், எவ்வகையிலும் அழித்தலோ, துடைத்தலோ, கிழித்தலோ, அப்புறப்படுத்துதலோ கூடாது. மீறுவோர்மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.'

நல்ல தமிழ். அதனால்தான் அதை எல்லாரும் அப்படியே கடைப்பிடித்தார்கள்.

மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர் கன்னியம்மா துடைப்பத்தோடு அவர் எதிரில் வந்து நின்றார்.

"இன்னா நைனா, பெருக்கலாமா கூடாதா?"

"பெருக்குங்கம்மா. அது கம்ப்யூட்டர்ல இருக்கிறதுக்குத்தான்."

"அப்ப 'கம்ப்யூட்டர்ல'ன்னு எழுதிக் குடு. 'எதையும்'னு போட்டுக்கீது. நாளிக்கு இன்னாவாச்சும் காணோம்னா கன்னியம்மாதான் வாரிக்கினு போனான்னுவாங்க. விக்டோரியாவைச் சொல்லல?"

திருத்தம் போடலாமா என்று தணிகாசலம் எம்.டி.யைக் கேட்டார். சுற்றறிக்கையைத் திருத்துவதே ஒரு அழித்தல் ஆகுமே என்று எம்.டி. சந்தேகப்பட்டார். சட்ட ஆலோசகரைக் கேட்டார்கள். அவர் ஆகும் என்றார்.

குப்பை சேர்ந்தது. கேன்டீன் வாசலில் இருந்த கரும்பலகையில் 'இன்று: காராமணிக் குழம்பு' என்று எழுதியிருந்தது. அதை அழிக்க முடியாது. அழிக்காமல் சாம்பார் வைத்தால், பலகையில் இருப்பது பொய் ஆகிவிடும். வழக்கு நடக்கும்போது நிறுவன வளாகத்தில் ஒரு பொய்யான ஆவணம் தொங்குவது நல்லதல்ல. எனவே தினமும் காராமணிக் குழம்பே வைத்தார்கள். தொழிலாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

சுவர்களில் தொங்கிய தினசரிக் காலண்டர்களிலும் தேதி கிழிக்கப்படவில்லை. சுற்றறிக்கை வந்த தேதியிலேயே பூர்ணோதயா பிரஸ்ஸிங்ஸ் நின்றுகொண்டது. நின்றுபோன காலண்டரை யார் பார்ப்பார்கள்? ஆகவே பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள்.

பிறகு மேலேற்றுதல் தொடங்கியது. எல்லாருடைய போனும் வாங்கப்பட்டது. கம்பெனிக்குள் நடக்கும் தகவல் பரிமாற்றத்தில் பெரும்பங்கு காலை வணக்கம் என்பது அப்போது தெரியவந்தது. ரோஜாப்பூ, தேநீர்க் கோப்பை, சூரிய உதயம், 'இந்த நாள் இனிய நாள்'. அதிகம் அனுப்பியவர் மணிகண்டன். அவர் உற்பத்தி விவரம் அனுப்பியதாக ஒரு செய்திகூட இல்லை. அதையெல்லாம் அவர் வாயால் சொல்லிவிடுவார்.

சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் படித்துவிட்டு முதல் அறிக்கை கொடுத்தது. ஜோஷ்வா அதைத் திரையில் போட்டார்.

"இந்த வழக்குல முக்கியமான நபர் யாருன்னு கண்டுபிடிச்சிடுச்சு சார். எல்லாப் போன்லயும் இருக்காரு. எல்லா டிபார்ட்மென்ட்டோடவும் தொடர்பு. செவ்வாய்க்கிழமை ரொம்ப ஆக்டிவ்."

"யாரு?" என்றார் எம்.டி., நாற்காலியின் நுனிக்கு வந்து.

"முருகன்."

திரையில் மயில் தெரிந்தது.

விதிப்படி, முக்கிய நபராக அடையாளம் காணப்பட்டவருக்கு நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும். திருத்தணிக்கு அனுப்புவதா என்று யாரோ கேட்டார்கள். அது கம்பெனி முகவரி இல்லை என்பதால் நிராகரிக்கப்பட்டது. சம்பளப் பட்டியலில் நான்கு முருகன்கள் இருந்தார்கள். நான்கு பேருக்கும் நோட்டீஸ் போயிற்று. மூன்று பேர் ஏற்கெனவே போனைக் கொடுத்திருந்தார்கள். நான்காவது முருகன் கட்டிங் செக்‌ஷன், வயது ஐம்பத்தாறு. அவரிடம் போன் இல்லை. ஆதாரத்தை அழித்துவிட்டதாக அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

"நான் போனே வாங்கினதில்ல சார். சத்தியமா. பேஜாரா பூடுதே!"

"வாங்காததுக்கு ஏதாவது ரசீது இருக்கா?" என்று கேட்டார் மணிகண்டன்.

ஜோஷ்வா தவறை உணர்ந்தார். ஒரு வாரம் உட்கார்ந்து சாஃப்ட்வேருக்குப் பாடம் நடத்தினார். கடவுள்கள் இந்த வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதவர்கள். பண்டிகைகளும் சம்பந்தம் இல்லாதவை. பூ, சந்தனம், குங்குமம், தீபாராதனை ஆகிய எதைக் கண்டாலும் ஒதுக்கித் தள்ள வேண்டும். சாஃப்ட்வேர் நல்ல மாணவன். ஒரு தடவை சொன்னால் போதும். ஆயுத பூஜை நாள் முழுவதையும், அன்று எடுத்த ஒவ்வொரு போட்டோவையும் 'வாழ்த்து, பொருத்தமற்றது' என்று ஒதுக்கிவிட்டு, இரண்டாவது அறிக்கையைக் கொடுத்தது:

'சம்பந்தப்பட்ட ஆவணங்கள்: இல்லை.'

எம்.டி. எழுந்து ஜோஷ்வாவின் கையைக் குலுக்கினார். "பாருங்க தணிகாசலம், டெக்னாலஜி பொய் சொல்லாது. சான்றிதழ் டைப் பண்ணிடுங்க. முழுமையாகத் தேடப்பட்டது, ஒன்றும் இல்லை. கையெழுத்து நீங்க. திங்கட்கிழமை தாக்கல்."

"சார், பூஜை நாளையே ஒதுக்கிடுச்சே. ஒயர் அன்னிக்குத்தானே..."

"அதை நீங்க ஒதுக்கல, நான் ஒதுக்கல. கிளவுட் ஒதுக்குச்சு. நம்ம கையில இன்னா இருக்குது? நீங்க விவரமானவரு. ரிட்டையர் ஆகிற வரைக்கும் இங்கயே இருக்கப்போறீங்க. இல்லையா?"

பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார் தணிகாசலம். தான் கையெழுத்துப் போட்டால் விக்டோரியாவின் வழக்கில் மிஞ்சுவது விக்டோரியாவின் வாய்ச்சொல் மட்டும். போடாவிட்டால் இந்த வயதில் வேறு சிப்காட்டில் வேறு கேட்டில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்கு போன் போட்டார்.

"பெரியப்பா, ஒரு வார்த்தை சொல்லுவீங்களே. பூட்டி வெச்சதைத் திருடன் பார்ப்பான், சந்தையில வெச்சதை... அப்புறம் இன்னா?"

"நானா? எப்போ சொன்னேன்?"

"சொல்லியிருக்கீங்க. மீதி என்னன்னு யோசிச்சுச் சொல்லுங்க."

பெரியவர் யோசித்தார். "சந்தையில வெச்சதை வித்துத் தொலைங்கடான்னு சொல்லியிருப்பேன். வேற இன்னாத்துக்கு சந்தைக்கு எட்த்தும்போவாங்க? நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"இன்னா கொழம்பு?"

"காராமணி" என்றார் தணிகாசலம், பழக்க தோஷத்தில்.

திங்கட்கிழமை கோர்ட் அலுவலகத்தில் தலைமை எழுத்தர் தமிழ்செல்வியின் மேஜைமுன் சான்றிதழை வைத்தார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்திலேயே விக்டோரியா, வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு. அவருடைய வக்கீல் காயத்ரி வழக்குக் கட்டுகளை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

காயத்ரி சான்றிதழைத் தலைகீழாகவே படித்துவிட்டு விக்டோரியாவிடம் மெல்லச் சொன்னார். "இது ஃபைல் ஆயிட்டா நம்ம கையில எதுவும் இல்லம்மா. ஒயர் எப்போ போட்டதுன்னு காட்டறதுக்கு ஒரு துரும்புகூட கிடையாது."

தமிழ்செல்வி சான்றிதழைப் புரட்டினார். பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"இணைப்பு எங்க சார்?"

"இணைப்பு இல்லைங்க. ஒண்ணும் கிடைக்கலைன்னுதான் சான்றிதழே."

"அது சரி. அந்த ஒண்ணும் கிடைக்காததை இணைக்கணும் இல்ல? இணைப்பு இல்லாம சான்றிதழ் வாங்கற வழக்கம் இங்க கிடையாது. அதுவும் மூணு படி. கோர்ட்டுக்கு ஒண்ணு, எதிர்த்தரப்புக்கு ஒண்ணு, ஆபீஸுக்கு ஒண்ணு."

"இல்லாததை எப்படிங்க மூணு படி எடுக்கிறது?"

"அது உங்க கம்பெனி பிரச்சினை. எல்லாரும் கொண்டாந்துதான் இருக்காங்க." அவர் பெருமூச்சு விட்டார். "வேணும்னா இன்னொரு வாய்தா போட்டுக்குங்க. ராகுகாலம் இல்லாத நேரமாப் பாத்துச் சொல்றேன்." சொல்லிவிட்டுத் தலைக்குமேல் இருந்த காலண்டரை அண்ணாந்து பார்த்தார்.

அரசு அலுவலகங்களில் காலண்டர் வாங்க நிதி ஒதுக்கீடு கிடையாது. நாட்டில் இன்றைக்கு என்ன தேதி என்பதே கம்பெனிகளின் அன்பினால்தான் அரசுக்குத் தெரிகிறது. அந்தச் சுவரில் இருந்தது பூர்ணோதயா பிரஸ்ஸிங்ஸ் புத்தாண்டுக்கு அன்பளிப்பாகத் தந்த காலண்டர். மின்வாரியத்திலும், தாலுகா ஆபீஸிலும், பால் கடையிலும் அதே காலண்டர். ஆயுத பூஜை முடிந்த கையோடு சிவகாசிக்கு ஆர்டர் போயிருந்தது.

தேதி ஒழுங்காகக் கிழிக்கப்பட்ட அந்தக் காலண்டரை, வெகுநாளைக்குப் பிறகு, தணிகாசலம் பார்த்தார். தேதியிலிருந்து கண் மேலே போயிற்று. அட்டையில் எம்.டி. சந்திரமோகன் பட்டுவேட்டியில் சிரித்துக்கொண்டு நாலாம் நம்பர் பிரஸ்ஸின் பச்சை பட்டன்களை இரண்டு கைகளாலும் அழுத்துகிறார். பிரஸ் இறங்கியிருக்கிறது. தட்டில் முதல் கீல் விழுந்திருக்கிறது. சென்சாரின் கண்ணில் ஒரு ரூபாய் அளவுக்குப் பொட்டு. கண் மூடினால் ஓடாத மெஷின் கண் மூடி ஓடுகிறது. பக்கத்தில் மணிகண்டன், கும்பிட்ட கைகளுக்கு நடுவே கட்டிங் பிளேயர். கீழே பொன்னெழுத்தில் 'ஆயுத பூஜை நல்வாழ்த்துகள். பாதுகாப்பே எங்கள் பாரம்பரியம்.'

படத்தில் விக்டோரியா இல்லை. தம்பி கல்யாணத்தில் இருந்தார்.

தணிகாசலத்தின் பார்வை போன இடத்துக்கு மற்ற மூவரின் பார்வையும் போயிற்று. காயத்ரியின் முகம் சிவந்தது.

"எங்க ஆபீஸ்லயும் இதுதான் மாட்டியிருக்கு" என்றார். "தினமும் நான்தான் கிழிக்கிறேன்."

"ஏம்மா, உங்க ஊட்ல?" என்று தமிழ்செல்வி விக்டோரியாவைக் கேட்டார்.

"கீது மேடம். பால் கடையில குடுத்தாங்க. வாய்தா தேதி எல்லாம் அதுலதான் சுழிச்சு வெச்சிருக்கேன்." விக்டோரியா உதட்டைக் கடித்தார். "அந்த ஆளு மூஞ்சில முழிக்க வாணாம்னு மேல மாதா படத்தை ஒட்டிட்டேன்."

"அப்போ ஆச்சே. இது ஒண்ணு, வக்கீல் அம்மாவோடது ஒண்ணு, உன்னோடது ஒண்ணு. மாதா படத்தைப் பிச்சி எடுத்துட்டுக் கொண்டா, மூணு படி சரியாயிடும்."

விக்டோரியா பின்வாங்கினார். "மாதாவையா? நான் மாட்டேன் மேடம். வேலை போனாலும் பரவால்ல."

யாரும் வற்புறுத்தவில்லை. எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது.

"கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?" என்று காயத்ரி கேட்டார்.

"அச்சுக்கு அச்சுதான் மேடம் படி. ஜெராக்ஸ் படிக்குப் படி ஆயிடும்." தமிழ்செல்வி நாற்காலியிலிருந்து எழுந்தார். அறைக்கு அப்பால் பாதி திறந்திருந்த ஒரு கதவைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டார். மற்றவர்களும் பார்த்தார்கள். நீதிபதியின் அறை. நாற்காலிக்கு நேர் பின்னால், சுவரில், எம்.டி. சந்திரமோகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. எம்.டி. பெயர் ஒளிர்ந்தது. அடித்து ஓய்ந்தது.

தணிகாசலம் சான்றிதழில் 'ஒன்றும் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு, 'இணைப்பு: காலண்டர், மூன்று படிகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூன்றாவது படியைக் கேட்பதற்காக நீதிபதியின் அறைக் கதவைத் தட்டினார்.